துருவும் கௌரவமும்

பழைய கார் ஒன்றின் அடியில் மல்லாந்து படுத்துத் துருப்பிடித்த நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும் மனிதனைப் பற்றி நம் கோயம்புத்தூரில் மூன்று அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. அவனிடம் பணம் இல்லை என்பது முதலாவது. அவனுக்கு வேறு ஜோலி இல்லை என்பது இரண்டாவது. இவை இரண்டும் பொருந்தவில்லை என்று தெரிந்தால், அவனுக்கு மரை கழன்றுவிட்டது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது அபிப்பிராயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மரை கழன்றிருந்தால் அவன் எழுந்து குளிக்கப் போயிருப்பான். கழலாமல் இருப்பதுதான் ஐயா அங்கே தொல்லையே!

என் வாசலில் நிற்கும் அம்பாசிடர் 1988-ஆம் வருஷத்து வண்டி. என் கைக்கு வருமுன் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உழைத்தது. தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அந்த மலையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட சீமையில் வருஷக்கணக்காக நனைந்த வண்டியின் அடிவயிறு எப்படி இருக்கும் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிப் புது ரப்பர் புஷ் போடுவது, அதையும் வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்தேன். செய்தி கேட்டு, மாமனார் முறையுள்ள பெரியவர் ஒருவர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்: "ஏனுங் மாப்பிள்ளை, உங்க கையில பேனா இருக்கோணுமுங்க. ஸ்பானரைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தா பாக்கறவங்க என்னுங்க நெனப்பாங்க?"

அவர் தங்கமானவர். நாலு குடும்பங்களைக் கைதூக்கிவிட்டவர். ஆனால் அவர் சொன்னது வெறும் கௌரவப் பேச்சு என்று நான் சிரித்துவிட்டுப் போகத் தயாராக இல்லை. அந்தப் பேச்சினால் மலைச்சாலைகளில் உயிர்கள் ஊசலாடுகின்றன என்று எண்ணுகிறேன். எப்படி என்று சொல்லுகிறேன்.

முதலில், எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் இப்படிப் பேசுகிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1893-இல் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு சொக்கிப்போனார். ஊரை விட்டு வந்து ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் என்ன செய்தார்? ஏறி உட்கார்ந்து கடைவீதியில் வலம் வந்தாரா? அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டினார்! அவர்தான் ஜி. டி. நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை விட்டுத் தொழிலை ஆரம்பித்தார். 1937-இல் இந்த ஊரிலேயே மின்சார மோட்டார் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் திறந்து, அதற்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். மிகவும் சரி. ஆனால் அந்தப் பாலத்தின்மேல் பறக்கும் கார்களின் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் ஆயுளில் ஒரு தடவையாவது தம் வண்டியின் அடியில் குனிந்து பார்த்திருப்பார்கள்?

நாயுடு மேதை, அவரை நம்மோடு ஒப்பிடக் கூடாது என்பீர்கள். சரி, விட்டுவிடுவோம். பந்தயக் காரையே இந்த ஊரில் கட்டிய கரிவரதனையும் விட்டுவிடுவோம். மாருதி 800 வண்டியின் உறுப்புக்களை வைத்துக்கொண்டு அவர் பந்தய வண்டி செய்தார். அவர் பெயரால் செட்டிப்பாளையத்தில் பந்தயப் பாதை இருக்கிறது. இவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள்.

நம் பாட்டன்மார்களை எடுத்துக்கொள்வோம். கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் சாலும் கயிறும் உருளையும் கெட்டுப்போனால் எந்தப் பண்ணையக்காரரும் ஆள் வரும்வரை காத்திருந்ததில்லை. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்த பிறகும் அப்படித்தான். மோட்டார் ஓடாவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினவர் நிலத்துச் சொந்தக்காரர்தான். மேலே ஏறி வரும்போது முழங்கைவரை கிரீஸ் இருக்கும். அதனால் அவர் கௌரவம் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. அதே கையால்தான் பஞ்சாயத்திலும் நியாயம் சொன்னார்.

இது எப்போது மாறிற்று? எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன். பிள்ளைகளை மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படிக்கவைக்க ஆரம்பித்தபோது மாறிற்று. படிப்பு வந்தது கையைக் கழுவிக்கொள்ளத்தான் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். படித்தவன் கம்ப்யூட்டரில் படம் போடுவான். படிக்காதவன் மண்ணில் படுப்பான். இந்தப் பிரிவினை இரும்புக்குத் தெரியாது. அது படம் போட்டவனையும் ஏற்றிக்கொண்டுதான் மலை ஏறுகிறது.

கதைக்காரர்களாகிய எங்கள் மீதும் ஒரு வழக்கு உண்டு. தமிழ் நாவல்களில் கார் எதற்காகக் கெட்டுப்போகும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். கதாநாயகி மழையில் ஒதுங்கவேண்டும், அதற்காகக் கெட்டுப்போகும். கதாநாயகன் பானெட்டைத் தூக்கி எதையோ ஒன்றைத் தட்டுவான், கார் கிளம்பிவிடும். எந்தத் தட்டு, எதன்மேல் என்று யாரும் கேட்பதில்லை. மெக்கானிக் என்று ஒருவர் வந்தால் அழுக்குத் துணியில் கையைத் துடைத்தபடி ஒரு வாக்கியம் பேசிவிட்டு மறைந்துபோவார். இத்தனை எழுத்தாளர்கள் இத்தனை கார்களை ஓட்டியும் ஒரு நட்டு உண்மையாகக் கழன்றதாக நான் படித்ததில்லை.

ஆகவே நட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதி வேண்டும்.

துரு என்பது இரும்பின்மேல் வந்து படிந்த அழுக்கு அல்ல, துடைத்தால் போய்விடாது. இரும்பே காற்றையும் நீரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வேறு பொருளாக மாறிவிடுகிறது. மாறும்போது பருக்கிறது. இரண்டு மடங்கு, சமயத்தில் ஐந்தாறு மடங்குகூட. நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் உண்டு. அந்த இடைவெளியில் பருத்த துரு, ஆப்பு அறைந்ததுபோல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது. ஸ்பிரிங் பட்டையின் நுனியை வளையமாகச் சுருட்டி, அதற்குள் ரப்பர் புஷ்ஷும், புஷ்ஷுக்குள் ஓர் இரும்புக் குழலும், குழலுக்குள் போல்ட்டும் வைத்திருக்கிறார்கள். குழலும் போல்ட்டும் ஒட்டிக்கொண்டால் நட்டு கழன்ற பிறகும் போல்ட் வெளியே வராது. வீட்டில் வேலை செய்கிறவனைக் கண்ணீர்விட வைப்பது இந்த இடம்தான்.

பனி பெய்யும் தேசங்களில் ரஸ்தாவில் உப்பைத் தூவிப் பனியைக் கரைக்கிறார்கள். அந்த உப்பு நீர் பட்டுப் பட்டு, பத்து வருஷத்துக்குள் காரின் அடிப்பாகம் அப்பளமாகிவிடுகிறது. நமக்கு அந்தச் சாபம் இல்லை. கடற்கரை வண்டிகளையும் மலை வண்டிகளையும் தவிர்த்துப் பார்த்தால், கொங்குநாட்டு நட்டு பிடிவாதக்காரனே ஒழியக் கொடியவன் அல்ல. அவகாசம் கொடுத்தால் இணங்கிவிடுவான்.

அவகாசம்! வழக்கின் மையமே இதுதான்.

பட்டறைக்கு வண்டியை விடுகிறோம். விட்ட ஒரு மணி நேரத்தில் போன்: "ஆச்சுங்களா?" மத்தியானம் இன்னொரு போன். சாயங்காலம் குடும்பத்தோடு கல்யாண வரவேற்புக்குப் போகவேண்டும், அதற்குள் வேண்டும். பட்டறைக்காரருக்கோ இடம் ஒன்று, காத்திருக்கும் வண்டிகள் ஐந்து. கூலி வேலைக்கு, காத்திருந்த நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கணபதிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மூணு நாள் எண்ணெயில ஊறட்டுமுங்கன்னு நட்டுக்குச் சொல்லலாமுங்க. வண்டிக்காரரு ஊறமாட்டாருங்களே!" அவருக்கு வேலை தெரியும். என்னைவிடப் பத்து மடங்கு தெரியும். நேரம்தான் அவரிடம் இல்லை. அதைக் கொடுக்க மறுப்பவர்கள் நாம். ஆகவே அவர் கேஸ் விளக்கைப் பற்றவைக்கிறார்.

நெருப்பை நான் வெறுக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு நெருப்பின் உபகாரம் தெரியும். வறட்டி அடுக்கி, பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்திருக்கும்போதே மரச்சக்கரத்தில் பொருத்தித் தண்ணீரைக் கொட்டுவார்கள்; சுருங்கி இறுகிக்கொள்ளும். அதே நியாயப்படி, நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரிந்து துருவின் பிடி உடைகிறது. நல்ல உபாயம்தான். ஆனால் எதன்மேல் நெருப்பைக் காட்டுகிறோம் என்று பார்க்கவேண்டும். ஸ்பிரிங் பட்டை சாதாரண இரும்பு அல்ல. பதம் பார்த்துக் காய்ச்சிக் குளிரவைத்த உருக்கு. அந்தப் பதம் இருப்பதால்தான் வளைந்து மறுபடி நிமிர்கிறது. செக்கச்செவேல் என்று காய்ச்சினால் பதம் போய்விடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

என் நண்பர் ஒருவரின் பழைய காரில் அப்படித்தான் நடந்தது. பட்டறையின் பெயர் வேண்டாம். முன்பக்கத்து வளையத்தில் போல்ட் வரவில்லை என்று வளையத்தையே சிவக்கக் காய்ச்சி அடித்து எடுத்தார்கள். புது புஷ் போட்டு, பளபளவென்று கறுப்புச் சாயம் பூசி, அன்று மாலையே வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். நண்பருக்குப் பரம திருப்தி. ஐந்து மாதம் கழித்துப் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்தபின், பின்னால் ஏதோ வெடித்த சத்தம். மூலப் பட்டை அந்த வளையத்தின் கழுத்தில் முறிந்திருந்தது. பின் அச்சு ஒருபக்கம் நகர்ந்து, சக்கரம் மட்கார்டில் உராய்ந்து நின்றுவிட்டது. ஏறுகிற வண்டி ஆகையால் வேகம் இல்லை. இறங்குகிற வண்டியாக இருந்திருந்தால், உள்ளே இருந்த இரண்டு குழந்தைகளையும் சேர்த்து நான் இந்தப் பத்தியை வேறுவிதமாக எழுதவேண்டியிருக்கும்.

அந்தப் பட்டறைக்காரரைத் திட்டுவது சுலபம். ஆனால் மாலைக்குள் வேண்டும் என்று கேட்டவர் யார்? மேலே பூசிய கறுப்புச் சாயத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்தவர் யார்?

இப்போது வீட்டுக்கு வாருங்கள். வீட்டில் வண்டி ஒரு வாரம் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? எஞ்சின் வேலையாக இருந்தால் நானே பட்டறைக்குத்தான் போகச் சொல்லுவேன். துருப்பிடித்த நட்டு ஒன்றுதான் பட்டறையைவிட வீட்டில் நன்றாகச் செய்யக்கூடிய வேலை. ஏனென்றால் அதற்கு வேண்டியது முக்கியமாக நாட்கள். வியாழக்கிழமை மாலை கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரிகிற மரையைச் சுத்தமாகத் தேய்க்கவேண்டும். பலர் இதைச் செய்யாமல் துருவின்மேலேயே எண்ணெயை ஊற்றுகிறார்கள்; எண்ணெய் தரைக்குப் போகிறது. தேய்த்தபின் எண்ணெய். அதற்கென்று டப்பாவில் விற்கிறார்கள். 1953-இல் அமெரிக்காவில் ஸான் டியகோ நகரத்து ராக்கெட் கம்பெனி ஒன்று செய்த டபிள்யூ.டி. 40 நம் கடைவீதியிலும் கிடைக்கிறது. நீரை விலக்குவதற்கான கலவை, நாற்பதாவது முயற்சியில் பலித்தது என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். முப்பத்தொன்பது தடவை தோற்றவர்கள் செய்த சரக்கை வாங்கிவந்து, ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு "பிரயோஜனம் இல்லை" என்று எறிகிறவர்களை என்ன சொல்வது! வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணெய்; நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு தட்டு. பலமாக அல்ல, அதிர்ச்சியில் துருவில் கீறல் விழுந்து எண்ணெய் உள்ளே இறங்கினால் போதும். சனிக்கிழமை மறுபடியும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பானர். இதில் ஒரு பழைய தகராறு இருக்கிறது. தேசம் மெட்ரிக் அளவுக்கு மாறி அறுபது வருஷங்களுக்கு மேல் ஆகிறது. என் வண்டியின் அடிப்பாகத்து நட்டுகளில் பல இன்னும் அங்குலத்திலேயே இருக்கின்றன. ஏறக்குறையப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை மழுங்கும். மழுங்கின நட்டு, கோபித்துக்கொண்ட சம்பந்திபோல. அப்புறம் எந்தச் சமாதானத்துக்கும் வராது. சரியான அளவில் ஆறு மூலை பிடிக்கிற ஸ்பானர் வேண்டும். முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் துளி அசைத்துப் பார்ப்பது நல்லது. அசைந்துவிட்டால் பாதி ஜெயித்தாயிற்று. பிறகு கால் சுற்று கழற்றி, அதில் பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. ஒரேயடியாக இழுத்தால் போல்ட் முறியும், இல்லாவிட்டால் தோள்பட்டை.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அச்சைப் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட்டை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக்கூடாது, புதிதுதான் போடவேண்டும். தூக்கி எறியப்போகிற உறுப்பின்மேல் தயவு எதற்கு? ஹாக்சாவால் அறுக்கலாம், கிரைண்டரால் வெட்டலாம். (நம் ஊரில் கிரைண்டர் என்றதும் மாவு ஆட்டுவது நினைவுக்கு வரும். நான் சொல்வது வெட்டுச்சக்கரம்.) பொறி பறக்கும், பின்னால் பெட்ரோல் டாங்க் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. எறியப்போகிற உறுப்பை அறுக்கலாம், இருக்கப்போகிற உறுப்பைக் காய்ச்சக்கூடாது என்பதே என் வாதம்.

இங்கே என் கட்சிக்காரர்களையும் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். உற்சாகம் தலைக்கேறி, ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. ஹாலோ பிளாக் கல்லை அண்டைக் கொடுப்பது அதைவிட மோசம். அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டோ, கெட்டியான மரக்கட்டைகளோ வைத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போகலாம். கழற்றின சக்கரத்தையும் பக்கத்தில் படுக்கவைத்து உள்ளே தள்ளிவிடுவது என் வழக்கம். பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியானால் அதன் அழுத்தத்தை அவிழ்ப்பதற்கு வேறு கருவி வேண்டும். கருவி இல்லாதவர் அந்த வேலையைத் தொடவே கூடாது. சுருள் தெறித்தால் மண்டை உடையும். சுயமாகச் செய்கிறேன் பேர்வழி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களால்தான் என் மாமனார் கட்சிக்குப் பலம் கூடுகிறது.

பூட்டும்போது ஒரே ஒரு விஷயம். புஷ் போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்கிவிடக் கூடாது. கையால் திருகிவிட்டு, சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டியின் கனம் பட்டையின்மேல் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். இதற்கு ஐந்து நிமிஷம்தான் அதிகம். அவசர வேலையில் முதலில் பலியாவது இந்த ஐந்து நிமிஷம்.

"இத்தனை பாடு எதற்கு? எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாமே" என்கிறார்கள். வாங்கலாம். சர்க்காரும் அதைத்தான் விரும்புகிறது. 2021-இல் பழைய வண்டிகளை உடைப்பதற்கென்றே ஒரு கொள்கை வந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025-இல், இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆயிற்று. மறுபக்கம், 2022 டிசம்பரில் அதே சர்க்கார் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது. ஒரு கையால் ஸ்பானரைக் கொடுத்து, இன்னொரு கையால் காரைப் பிடுங்குவதுபோல் இருக்கிறது. அம்பாசிடர் புகை கக்குகிறது என்றால் புகையை அளந்து அபராதம் போடட்டும்; எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய எஞ்சின் புதிய எஞ்சினைப்போல் சுத்தமாக எரியாது என்பதை நான் மறுக்கவும் இல்லை. ஆனால் வயதுக்கு என்ன வரி? மூன்று வயதுக் காரின் அடியில் முறியப்போகிற உறுப்பு இருக்கலாம். முப்பத்தேழு வயது வண்டியின் அடியில் புது போல்ட் இருக்கலாம். பிறந்த வருஷத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குகிறவர், மேலே பூசிய கறுப்புச் சாயத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்த என் நண்பருக்கு எந்த விதத்தில் மேலானவர்?

பத்தாயிரம் ரூபாயைக் கட்டிவிடுகிறேன். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொரு வண்டியையும், புதிதோ பழையதோ, குழியின்மேல் நிறுத்தட்டும். இறங்கி, டார்ச் அடித்து, ஸ்பிரிங் பட்டையின் வளையத்தைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கட்டும். சாயத்தைக் கம்பி பிரஷ்ஷால் கொஞ்சம் சுரண்டியும் பார்க்கட்டும். என் வண்டியை எந்த நாள் வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்துகிறேன்.